இரண்டாவது தொட்டி

நான்காம் கவுண்டரின் கண்ணாடியில்
கை நுழையுமளவு ஓர் ஓட்டை.
அதன் வழியே பதினோரு வருடமாய்
வல்பரைசோவின் கைகளைப் பார்க்கிறேன்.
முகங்கள் மறந்துவிடும்.
கிரீஸ் ஏறிய ரேகைகள்,
மாவு காய்ந்த நகங்கள் மறப்பதில்லை.

எதெல்மிரா கிஞ்சாவில் முதலில் வந்தது
மார்ச் மாதத் திங்களொன்றில்.
நண்டு எம்பனாடா விற்கிறாளாம்,
வீட்டு ஜன்னலில், சாயங்காலம் மட்டும்.
"எந்த உரிமம் வாங்கணும்?" என்றாள்
பேருந்து எங்கே நிற்குமென்று கேட்பதுபோல.

சொன்னேன்.
நகராட்சி உரிமத்துக்குச் சுகாதாரத் துறையின் ஒப்புதல்,
ஒப்புதலுக்குச் சமையலறையின் வரைபடம்,
வரைபடத்துக்கு வீட்டுக்காரர் சம்மதம்.
வீடு யார் பெயரில்?
"பிரிந்துபோனவன் பெயரில்.
அந்தோஃபகஸ்தாவில், செம்புச் சுரங்கத்தில்."

ஆறு வாரம் கழித்து வந்தாள்.
நோட்டரி முத்திரையோடு அவன் கையெழுத்து;
தாளின் பின்னால் பென்சிலில் ஒரு வரி:
வெங்காயத்தை இன்னும் கொஞ்சம் வதக்கு.
அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து
கோப்பில் வைத்தேன். இணைப்பு மூன்று.

வரைபடத்தில் சுவர்கள் நேராக இருந்தன.
அவள் குன்றில்
எந்தச் சுவரும் நேரில்லை என்பது
எங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்றுதான் கேட்டாள்,
இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காததை:
"உரிமம்னா என்ன?"
நான் யோசித்தேன். பின்னால் வரிசை இருமியது.
நீங்கள் ஏற்கெனவே செய்வதை
நீங்கள் செய்யலாம் என்று
நாங்கள் சொல்வது, என்றேன்.
"அவ்வளவுதானா?"
அதற்குக் கட்டணமும் உண்டு, என்றேன்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

ஆய்வுக்குப் போனவர் ஓஸ்வால்தோ பிரவோ.
வியாழன்தோறும் அதே ஜன்னலில்
நான்கு வாங்கி வருகிறவர்;
இரண்டு அவருக்கு, ஒன்று காவலாளிக்கு,
ஒன்று எனக்கு.
(அவள் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில்
ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது.
யாருடையது என்று கோப்பு சொல்லாது.)
அவர் கதவைத் தட்டி, தன் பெயரைச் சொல்லி,
அடையாள அட்டையை நீட்டினாராம்.
அவளும் அதை வாங்கி
முழுதாய்ப் படித்தாளாம்.

தொட்டி ஒன்று. வேண்டியது இரண்டு.
கைக்குத் தனி, பாத்திரத்துக்குத் தனி.
நிராகரிக்கப்பட்டது.
அந்த வியாழன் ஓஸ்வால்தோ
வெறுங்கையோடு வந்தார்.
மூவரும் ஒன்றும் பேசாமல் தேநீர் குடித்தோம்.

ஜூலை மழையில், கீழ்த்தெருவில்
மூடிப்போன சலூனிலிருந்து
அவளும் மகனும் ஒரு பீங்கான் தொட்டியைச்
சுமந்தேறினார்கள், நூற்றுப் பதினாறு படி.
மின்தூக்கி அன்று பழுது.
முடி கழுவக் கழுத்தைச் சாய்க்கும் தொட்டி அது,
விளிம்பில் ஒரு பிறைப் பள்ளம்.
ஓஸ்வால்தோ தொலைபேசியில் கேட்டார்:
பள்ளம் இருக்கலாமா?
விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
வழவழப்பாய் இருக்க வேண்டும், இருக்கிறது.
கழுவத்தக்கதாய் இருக்க வேண்டும், இருக்கிறது.
கழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
"இல்லாததை நாம் கேட்க முடியாது" என்றேன்.
மறுமுனையில் தண்ணீர் ஓடும் சத்தம்.

செப்டம்பரில் முத்திரை குத்தினேன்.
காசைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்;
நாணயங்களில் மாவு.
கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும், என்றேன்.
"யார் கண்ணில்?"
விதியில் அது எழுதப்படவில்லை.

போன வாரம் அந்தப் படிகளில் ஏறினேன்.
முதல் முறை.
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்தது உரிமம்,
வெள்ளைப் பின்பக்கம் தெருவைப் பார்த்து;
பெயரும் எண்ணும் முத்திரையும்
உள்ளே,
மாவு பிசைகிறவளைப் பார்த்து.

திருப்பி ஒட்டச் சொல்வது என் வேலை.
இரண்டு கொடுங்கள், என்றேன்.
என் கையை ஒரு கணம் பார்த்தாள்,
பிறகு முகத்தை.
ரசீது வேண்டுமா என்றாள்.
கேட்பாள் என்று நினைக்கவில்லை.
வேண்டும்.
எண் பதினேழு.
வெங்காயம் நன்றாக வதங்கியிருந்தது.